செய்திச் செயலி நமக்கு வேண்டியதைக் காட்ட என்ன செய்யணும்? அமைப்புகள், தேடுசொற்கள், அறிவிப்புகள் (நீண்ட இழை)

வைகைக்கரை:

செய்திச் செயலி பற்றிய கேள்விகள் இங்கே பல இழைகளில் சிதறிக் கிடக்கின்றன. பதில்களை ஒரே இடத்தில் சேர்க்கலாம் என்று தொடங்குகிறேன். தெரிந்தவர்கள் திருத்துங்கள், கூட்டுங்கள்.

நிலைமை இது: ஆண்ட்ராய்டு போன், தமிழ்ச் செய்தி, காலையில் இருபது நிமிடம். வேண்டியது மாவட்டச் செய்தி, மேட்டூர் நீர்மட்டம், நெல் கொள்முதல், மழைக்காலத்தில் பள்ளி விடுமுறை. செயலியைத் திறந்தால் முதல் பத்துத் தலைப்பில் ராசிபலன் இரண்டு, சின்னத்திரை மூன்று, ஒரே விபத்து நான்கு தளங்களிலிருந்து நான்கு முறை. இதை எப்படித் திருப்புவது?

முதலில் 'உங்களுக்காக' என்ற பட்டியல் எங்கிருந்து பாடம் படிக்கிறது என்று பார்ப்போம். நீங்களே சொல்லி வைத்தது ஒன்று: பின்தொடரும் தலைப்பு, பின்தொடரும் தளம், மறைத்த தளம். உங்கள் விரல் செய்தது இன்னொன்று: எதைத் தொட்டீர்கள், எதில் நின்று படித்தீர்கள், எதைப் பகிர்ந்தீர்கள். மூன்றாவது, உங்களைப் போலப் படிக்கிற மற்றவர்கள் எதைத் தொட்டார்கள் என்பது. கூகுள் நியூஸ் பொறியாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலேயே இந்த மூன்றாவது வழி விளக்கமாக இருக்கிறது. ஒரே செய்திகளைச் சொடுக்கியவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, கூட்டத்தில் ஒருவர் படித்ததை மற்றவருக்கு நீட்டுவது. ராசிபலனை ஒருமுறைகூடத் தொடாதவருக்கும் அது வருவது இதனால்தான். மேட்டூர் நீர்மட்டம் படிக்கிற பலரும் ராசிபலனும் படிக்கிறார்கள்.

மூன்றில் முழுசாக நம் கையில் இருப்பது முதலாவது மட்டும். அதைத்தான் பெரும்பாலோர் காலியாக விட்டுவிடுகிறார்கள். கூகுள் நியூஸில் தேடல் பெட்டியில் தலைப்பையோ தளத்தின் பெயரையோ தேடி, மேலே உள்ள நட்சத்திரத்தைத் தொட்டால் பின்தொடரும் பட்டியலில் சேரும். பத்துப் பதினைந்து தளம் போதும். காலையில் 'உங்களுக்காக' பக்கத்தை விட்டுவிட்டு நேரே 'பின்தொடர்பவை' பக்கத்தைத் திறங்கள்.

மொழி அமைப்பில் இரண்டு மொழி வைக்க இடம் உண்டு. தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்து வைத்தால் மாவட்டச் செய்தி கீழே போய்விடும். மாவட்டம்தான் முக்கியம் என்றால் தமிழ் ஒன்றே இருக்கட்டும்.

---

கம்பிவேலி:

நல்ல தொடக்கம் அண்ணே. ரெண்டு விஷயம் சேர்க்கிறேன்.

செயலியைப் போட்டதும் 'எதில் ஆர்வம்?'னு கேக்கும். நிறையப் பேரு அரசியல், சினிமா, விளையாட்டு, ஆன்மிகம், வணிகம்னு பத்துப் பன்னெண்டு தட்டிருவாங்க. எல்லாத்தையும் தட்டினா ஒண்ணுமே தட்டாத மாதிரிதான். மூணு, அதிகமா போனா நாலு. மீதியை அப்புறம் சேத்துக்கலாம்.

அடுத்தது கோவத்துல படிக்கிறது. 'என்னதான் எழுதியிருக்கான் பாப்போம்'னு வெறுப்போட தொட்டாலும் கணக்குல அது 'படிச்சார்'தான். திட்டிக் கருத்துப் போட்டா இன்னும் அழுத்தமான ஓட்டு. பிடிக்காததை ஒதுக்க தலைப்புக்குப் பக்கத்துல இருக்கிற மூணு புள்ளியைத் தொடணும். உள்ள ரெண்டு வகை வரும், பல பேரு குழப்பிக்கிற இடம் இதுதான். 'இதுபோன்றவை குறைவாக' அப்படிங்கிறது அந்தப் பொருளைக் குறைக்கும். 'இந்தத் தளத்தின் செய்திகளை மறை' அப்படிங்கிறது அந்தத் தளத்தையே மொத்தமா எடுத்துரும். ஒரு நல்ல நாளிதழ்ல வந்த ஒரு சினிமாத் துணுக்குக்காக ரெண்டாவதை அழுத்திட்டு, மாவட்டச் செய்தி வரலையேன்னு தேடறவங்க நிறைய. செயலி அமைப்புகள்ல 'மறைக்கப்பட்டவை' பட்டியல் இருக்கும். அதைத் திறந்து பாத்துட்டு, தவறா மறைச்சதைத் திருப்பிப் போடுங்க.

சும்மா தள்ளிக்கிட்டே போனா மட்டும் பத்தாது. தொடாம விடறது பலவீனமான குறிப்பு. முதல் ரெண்டு வாரம் தினம் அஞ்சாறு தலைப்புக்காவது மூணு புள்ளியைத் திறந்து சொல்லுங்க. அதுக்கப்புறமும் அங்கங்க ஒரு சம்பந்தமில்லாத தலைப்பு வரும். அது பிழை இல்லை. உங்க ஆர்வம் மாறியிருக்கான்னு தெரிஞ்சுக்க இந்த மாதிரி முறைகள் வேணும்னே புதுசா ஒண்ணைக் காட்டிப் பாக்கும். தொடாம விட்டா போதும்.

---

சொல்லேருழவன்:

தேடுசொல் பற்றி யாரும் இன்னும் தொடவில்லை. தமிழில் செயலி சொதப்புவது பெரும்பாலும் அங்கேதான், எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கூகுள் தேடல் சொல்லின் சில வடிவங்களைத் தானே சேர்த்துக்கொள்ளும். ஓடை வாசிப்பான்கள் (பல தளங்களின் புதுச் செய்திகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டும் செயலிகள்), சொல் வடிகட்டிகள், எச்சரிக்கைச் செயலிகள் பலவும் அப்படிச் செய்வதில்லை. நீங்கள் அடித்த எழுத்து வரிசை தலைப்பில் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். தமிழில் வேற்றுமை ஏறினால் சொல்லே மாறிவிடுகிறது. 'வெள்ளம்' என்று வைத்தால் 'வெள்ளத்தில் மூழ்கிய பயிர்' சிக்காது, 'வெள்ளப்பெருக்கு' சிக்காது.

சரி, 'வெள்ள' என்று சுருக்கி வைக்கலாமே என்று தோன்றும். வைத்த மறுநாளே தங்கம் வெள்ளி விலையும் வெள்ளிக்கிழமை வழிபாடும் வெள்ளைப் பூண்டும் வந்து குவியும். காரணம், கணினிக்குள் தமிழ் எழுத்து சேமிக்கப்படும் விதம். 'வெள்ளி' என்பது உள்ளே வ, எகரக் குறி, ள, புள்ளி, ள, இகரக் குறி. 'வெள்ள' என்பது அதே வரிசையில் கடைசி இகரக் குறி மட்டும் இல்லாதது. நம் கண்ணுக்கு ள வேறு, ளி வேறு. கணினிக்கு ளி-க்குள் ள இருக்கிறது. 'சேல' என்று வைத்தால் சேலத்தோடு சேலையும் வருவது இதே கதை. 'நில' வைத்தால் நிலை, நிலவரம், நிலா எல்லாம் வரும்.

தீர்வு, வேற்றுமை ஏறும் இடத்து மெய்யையும் சேர்த்து வெட்டுவது. வெள்ளம், வெள்ளத், வெள்ளப், வெள்ளநீர் என்று நான்காக வையுங்கள். சேலம், சேலத் என்று இரண்டு. விழுப்புரம், விழுப்புரத் என்று இரண்டு. ஈரோட்டுக்கு மட்டும் ஒரே சொல் போதும்: 'ஈரோட' என்று வைத்தால் ஈரோடு, ஈரோட்டில் இரண்டும் அதற்குள் அடங்கும்.

அணைச் செய்திக்கு 'அணை' என்று மட்டும் வைக்காதீர்கள். 'தீயை அணைத்தனர்' எல்லாம் வரும். 'மேட்டூர்', 'பவானிசாகர்', 'பாபநாசம்' என்று பெயரை வைத்து, கூடவே 'நீர்மட்டம்', 'நீர் மட்டம்' என்று சேர்த்தும் பிரித்தும் வையுங்கள். நாளிதழ்களில் இரண்டு வழக்கும் உண்டு.

ஊர்ப்பெயரில் இன்னொரு சிக்கல். தலைப்பில் இடம் மிச்சம் பிடிக்க நாளிதழ்கள் குறும்பெயர் போடும். கோயம்புத்தூர் என்று வைத்தால் கோவை தவறிப்போகும். தஞ்சாவூர் தஞ்சை, திருச்சிராப்பள்ளி திருச்சி, நாகப்பட்டினம் நாகை, புதுச்சேரி புதுவை, கும்பகோணம் குடந்தை, உதகமண்டலம் உதகை ஊட்டி என்று இரண்டு மூன்றையும் வைத்தே ஆகவேண்டும். 'நெல்லை' வைக்கிறவர்கள் 'நெல்லை கொள்முதல் செய்ய' என்ற தலைப்புக்கும் தயாராக இருக்கவேண்டும். வைகைக்கரை சொன்ன பட்டியலில் கொள்முதலும் இருப்பதால் அவருக்கு அது லாபம்தான்.

கடைசியாக, கண்ணுக்கே தெரியாத ஒரு பிழை. 'கௌரவம்', 'கெளரவம்' இந்த இரண்டையும் உற்றுப் பாருங்கள். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் இருப்பது எகரக் குறி போட்டு, பக்கத்தில் தனி ள எழுத்து. பல தளங்கள் இரண்டாவது மாதிரியே தட்டச்சு செய்கின்றன. 'கௌரவ விரிவுரையாளர்' செய்தியைப் பின்தொடர்கிறவர்கள் இரண்டு விதமாகவும் வைக்காவிட்டால் பாதி தவறும்.

கூகுள் தேடலில் இரண்டில் எந்தச் சொல் இருந்தாலும் எடுக்க நடுவே நிமிர்கோடு, விலக்க முன்னால் கழித்தல் குறி:

கோவை | கோயம்புத்தூர் -ராசிபலன் -"ராசி பலன்"

கழித்தல் குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டால் வேலை செய்யாது.

---

பனங்காடு:

சொல்லேருழவன் ஐயா, சேலை சேலம் விளக்கத்துக்கு நன்றி. இவ்வளவு நாளும் செயலிதான் கோளாறு என்று நினைப்பு.

ஒரு கேள்வி. செயலியில் அறிவிப்பை நிறுத்தின பிறகும் நாள் முழுக்கச் செய்தி அறிவிப்பு வருகிறது. செயலியை நீக்கினாலும் நிற்கவில்லை. எங்கே தேடுவது?

---

கம்பிவேலி:

அது செயலியே இல்லைங்க, அனேகமா குரோம். அறிவிப்பு வந்ததும் தள்ளிவிடாம, அது மேல விரலை அழுத்திப் பிடிங்க. எந்தச் செயலி அனுப்புதுன்னு பேரு வரும். 'குரோம்'னு வந்தா, எப்பவோ ஒரு செய்தித் தளத்துல 'அனுமதிக்கவா?'ன்னு கேட்டதுக்கு 'அலோ' அழுத்தியாச்சுன்னு அர்த்தம். குரோம்ல மூணு புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதிச்ச தளங்கள் வரிசையா இருக்கும். ஒவ்வொண்ணாத் தொட்டு எடுத்துருங்க. மறுபடி கேக்காம இருக்க, அதே பக்கத்துல மேல இருக்கிற பொதுச் சுவிட்சையும் அணைச்சுரலாம்.

பேரு வேற ஏதாவதா இருந்தா ரெண்டு இடம் பாருங்க. பூட்டுத்திரையில படத்தோட செய்தி வருதுன்னா அது போன் நிறுவனம் போட்டுக் குடுத்த 'கிளான்ஸ்' மாதிரி சேவை. செட்டிங்ஸ்ல லாக் ஸ்கிரீன் பகுதிக்குள்ள அணைக்கலாம். முகப்புத் திரையை வலப்பக்கம் தள்ளினா வர்ற செய்திப் பட்டியல் கூகுள் டிஸ்கவர். முகப்பில காலி இடத்தை அழுத்திப் பிடிச்சு, ஹோம் செட்டிங்ஸ் உள்ள போனா அணைக்கிற சுவிட்ச் இருக்கும்.

அறிவிப்பை மொத்தமா அணைக்கவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு 8-ல இருந்து ஒவ்வொரு செயலியும் அறிவிப்பை வகை வகையாப் பிரிச்சு வைக்கலாம். செட்டிங்ஸ், ஆப்ஸ், செயலியோட பேரு, நோட்டிஃபிகேஷன்ஸ். அங்க 'முக்கியச் செய்தி', 'பரிந்துரை', 'சலுகை'ன்னு தனித்தனிச் சுவிட்ச் இருந்தா முதல்ல இருக்கிறதை மட்டும் வச்சுக்கிட்டு மீதியை அணைங்க. எல்லாத்தையும் ஒரே வகையில கொட்டுற செயலியும் உண்டு. அதுக்கு 'சைலன்ட்' ஒண்ணுதான் வழி.

எது அதிகமா அனுப்புதுன்னு ஊகிக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு 11-ல இருந்து நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி இருக்கு. அதைப் போட்டுவிட்டா கடைசி 24 மணி நேரத்துல வந்தது எல்லாம் வரிசையா நிக்கும். ஒரு நாள் விட்டு எண்ணிப் பாருங்க.

எதிர்ப்பக்கப் புகாரும் வரும்: 'முக்கியமான அறிவிப்பே வரல'. செட்டிங்ஸ்ல செயலியை 'ஃபோர்ஸ் ஸ்டாப்' பண்ணினா மறுபடி திறக்கிற வரை அறிவிப்பு வராது. பேட்டரி சேமிப்புல 'ரெஸ்ட்ரிக்டட்' போட்டிருந்தாலும் தாமதமாகும். சில போன்கள்ல 'ஆட்டோஸ்டார்ட்'னு தனிச் சுவிட்ச் இருக்கு, அதையும் பாக்கணும்.

---

மலையடிவாரம்:

வைகைக்கரை அண்ணா, பள்ளி விடுமுறையை இந்தப் பட்டியலில் சேர்த்ததை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதைச் செயலி ஓடையில் (செயலி தானே வரிசைப்படுத்திக் காட்டும் செய்திப் பட்டியலில்) பார்க்கக்கூடாது என்றே சொல்வேன்.

விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். பல நாள் விடிகாலையில்தான் முடிவு வரும். ஓடை அதை எப்போது மேலே கொண்டுவரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதைவிட ஆபத்து தலைப்பில் இருக்கும் 'இன்று', 'நாளை'. திங்கள் இரவு 9 மணிக்கு வந்த 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்ற தலைப்பு, செவ்வாய் இரவு ஓடையில் மேலே வந்தால் புதன்கிழமை விடுமுறை என்று படிக்கப்படுகிறது. பக்கத்தில் இருக்கும் '2 மணி நேரத்துக்கு முன்' என்பதையும் நம்ப முடியாது. தளம் பழைய கட்டுரையில் ஒரு வரி திருத்திப் புதுப்பித்தால் அந்த நேரமும் புதுசாகும். சில தளங்கள் ஒரே பக்கத்தை வருஷா வருஷம் திருத்தி ஓட்டுகின்றன.

'5 மாவட்டங்களில் விடுமுறை' என்று தலைப்பு இருக்கும், மாவட்டத்தின் பெயர் இருக்காது. உள்ளே போய்ப் படித்தாலும் மூன்றைக் கவனிக்கவேண்டும்: தேதி என்ன, பள்ளிகளுக்கு மட்டுமா கல்லூரிகளுக்கும் சேர்த்தா, மாவட்டம் முழுக்கவா சில வட்டங்களுக்கு மட்டுமா. ஆட்சியரின் அதிகாரபூர்வ எக்ஸ் அல்லது ஃபேஸ்புக் பக்கமும் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவும்தான் இதற்குச் சரியான இடம். ஆட்சியர் பக்கத்துக்கு மட்டும் தனியாக அறிவிப்பைப் போட்டு வையுங்கள்.

மழை எச்சரிக்கையும் அப்படியே. புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட 'மௌசம்' செயலி இருக்கிறது, தமிழக அரசின் 'டிஎன் அலர்ட்' இருக்கிறது. செய்தித் தலைப்பில் எல்லா மழையும் 'கொட்டித் தீர்க்கும்'. வானிலை மையம் சொல்லும் சொல்லுக்கு அளவு உண்டு: 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் என்றால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 20-க்கு மேல் அதி கனமழை. தேடுசொல் வைக்கிறவர்கள் 'அதி கனமழை', 'அதிகனமழை' இரண்டையும் வையுங்கள். வெறும் 'கனமழை' வைத்தால் ஐப்பசி முழுக்க அறிவிப்பு நிற்காது.

---

வைகைக்கரை:

ஏற்றுக்கொள்கிறேன், மலையடிவாரம். விடுமுறையையும் எச்சரிக்கையையும் ஓடையிலிருந்து வெளியே எடுத்துவிடலாம். மற்றவர்களும் முதல் பதிவை இந்தத் திருத்தத்தோடு படிக்கவும்.

'மாவட்டச் செய்தி என்று வைத்தும் சென்னையே வருகிறது' என்று தனிமடலில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மொபைல் டேட்டாவில் இருக்கும்போது போனின் ஐபி முகவரியை (இணையத்தில் போனை அடையாளம் காட்டும் எண்ணை) வைத்து இடம் கணித்தால் உங்கள் ஊர் வராது. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இணைய வாசல் இருக்கும் நகரம்தான் வரும். தென்காசியில் இருப்பவருக்குச் சென்னை மழை வருவது அதனால். இட அனுமதியைக் கொடுப்பதைவிட, செயலியில் ஊரைக் கையால் சேர்ப்பது மேல். அனுமதி கொடுத்தே ஆகவேண்டும் என்று அடம் பிடிக்கும் செயலிக்கு, 'பயன்படுத்தும்போது மட்டும்' என்றும், ஆண்ட்ராய்டு 12-லிருந்து உள்ள 'தோராயமான இடம்' என்றும் வைத்தால் மாவட்ட அளவுக்குப் போதும். தொடர்பு எண்கள், அழைப்பு இவற்றுக்கான அனுமதி செய்திச் செயலிக்குத் தேவையே இல்லை.

புது மாவட்டங்களிலும் கவனம். தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் 2019-ல் பிரிந்தன, மயிலாடுதுறை 2020-ல். சில தளங்கள் இன்னும் பழைய மாவட்டத் தலைப்பிலேயே செய்தியைப் போடுகின்றன. மயிலாடுதுறைக்காரர்கள் நாகையையும், தென்காசிக்காரர்கள் நெல்லையையும் சேர்த்தே பின்தொடருங்கள்.

---

யாழ்முற்றம்:

இலங்கையில இருந்து பாக்கிற ஆக்களுக்கும் ஒரு சொல்லு. கூகுள் நியூஸில தமிழ் எண்டு போட்டால் வாறது இந்தியப் பதிப்பு. யாழ்ப்பாணத்தில இருந்தாலும் சரி, ரொறன்ரோவில இருந்தாலும் சரி, மேல நிக்கிறது தமிழ்நாட்டு அரசியலும் சினிமாவும்தான். 'உங்களுக்காக' பக்கத்தைப் பழக்கி எடுக்கிறது உங்களை விட எங்களுக்குக் கஷ்டம். வீரகேசரி, தினக்குரல், உதயன் எண்டு தளத்தின்ர பேரைத் தேடிப் பின்தொடருறதுதான் சுருக்கமான வழி. பேர் தேடியும் கிடைக்காத சின்னத் தளங்களுக்கு என்ன செய்யிறது எண்டு ஆராவது சொல்லுங்கோ.

ஐபோன் வைச்சிருக்கிற ஆக்களுக்கு: ஆப்பிள் நியூஸ் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அவுஸ்திரேலியாவில மட்டும்தான். மற்ற இடங்களில வேற செயலி பாக்க வேணும். ஐஓஎஸ் 15-இல இருந்து 'ஷெட்யூல்ட் சம்மரி' இருக்கு. செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் உள்ள போய் காலமை 7 மணி, பின்னேரம் 6 மணி எண்டு நேரம் குடுத்து, செய்திச் செயலிகளை அதுக்குள்ள தள்ளி விட்டால் இடையில தொந்தரவு இல்லை.

---

சொல்லேருழவன்:

யாழ்முற்றம், சின்னத் தளங்களுக்கு ஆர்எஸ்எஸ் ஓடைதான் பதில். தளம் தன் புதுச் செய்திகளை வாசிப்பான் செயலிகள் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடும் பட்டியல் அது. அதற்கு எந்த நிறுவனத்தின் 'உங்களுக்காக'வும் வேண்டாம். தளம் வெளியிடும் வரிசையில், வெளியிட்ட எல்லாம் வரும்.

வேர்ட்பிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருளில் ஓடும் தளம் என்றால் முகப்பு முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு 'ஃபீட்' (feed) என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கும். ஓடையே இல்லாத தளத்துக்கு கூகுள் அலர்ட்ஸ் ஒரு குறுக்கு வழி. தேடுசொல்லைக் கொடுத்து, 'டெலிவர் டு' என்ற இடத்தில் மின்னஞ்சலுக்குப் பதில் ஆர்எஸ்எஸ் தேர்ந்தால் அது ஓர் ஓடை முகவரி தரும்.

வாசிப்பானுக்கு ஆண்ட்ராய்டில் 'ஃபீடர்' இலவசம், கணக்குத் திறக்கத் தேவையில்லை. தலைப்பில் இன்ன சொல் இருந்தால் காட்டாதே என்று தடைப்பட்டியலும் வைக்கலாம். ராசிபலன், ராசி பலன், பிக்பாஸ், பிக் பாஸ் என்று சேர்த்தும் பிரித்தும் வையுங்கள். கணினியிலும் போனிலும் ஒரே பட்டியல் வேண்டுவோர் இன்னோரீடர், ஃபீட்லி பக்கம் போகலாம். அவற்றில் சொல் வடிகட்டி கட்டணத் திட்டத்தில் வருகிறது.

தளப் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'ஓபிஎம்எல்' கோப்பாக வெளியே எடுத்து வையுங்கள். இது விளையாட்டல்ல. கூகுள் ரீடரை 2013 ஜூலை 1-ல் மூடினார்கள். யூசி நியூஸும் நியூஸ்டாக்கும் 2020 ஜூனில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் இருந்தன. இன்ஸ்டாகிராமைத் தொடங்கிய இருவர் 2023-ல் கொண்டுவந்த ஆர்ட்டிஃபாக்ட் மிக நேர்த்தியான தனிப்பயன் செய்திச் செயலி. ஒரே வருடத்தில் மூடுவதாக அறிவித்தார்கள். செயலிக்குள் பழக்கி வைத்த ஆர்வம் செயலியோடு போய்விடும். ஓபிஎம்எல் கோப்பு மட்டும் எந்த வாசிப்பானிலும் திறக்கும்.

---

பனங்காடு:

குரோம் வழியே போனதில் பதினேழு தளம் அனுமதியில் இருந்தது. நீக்கியாயிற்று. நன்றி கம்பிவேலி.

இன்னொன்று. வரலாற்றையே மொத்தமாக அணைத்துவிட்டால் என்ன? நாம் தேடியதையும் திறந்ததையும் கூகுள் கணக்கில் குறித்து வைக்கும் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி'யை நிறுத்தினால் யாரும் எதையும் கணிக்க முடியாதே.

---

வைகைக்கரை:

அந்தரங்கத்துக்கு அது சரியான முடிவு. ஓடை நன்றாகும் என்று நினைத்துச் செய்தால் ஏமாற்றம். உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதபோது எல்லாரும் தொடுவதைத்தான் காட்டமுடியும். தமிழில் எல்லாரும் தொடுவது சினிமாவும் ராசிபலனும். அணைப்பதென்றால் அணைத்துவிட்டு, 'பின்தொடர்பவை' பக்கத்தையோ ஆர்எஸ்எஸ்ஸையோ மட்டும் நம்புங்கள்.

நடுவழி ஒன்று உண்டு. கூகுள் கணக்கில் 'மை ஆக்டிவிட்டி' பக்கத்தில் தானாக அழிக்கும் அமைப்பு இருக்கிறது: 3, 18, 36 மாதம். 3 மாதம் வையுங்கள். போன கோடையில் தேடிய தேர்தல் முடிவு இந்த மழைக்காலத்தில் தொடர்ந்து வராது. பின்தொடரும் பட்டியல் வேறு, செயல்பாட்டு வரலாறு வேறு. வரலாறு அழிந்தாலும் அந்தப் பட்டியல் இருக்கும்.

---

மலையடிவாரம்:

வீட்டில் ஒரே போனைப் பலர் தொடும்போது ஓடை கலங்கிப்போவது பற்றியும் எழுதவேண்டும். பிள்ளைகள் ஒரு மாலை கார்ட்டூன் தேடினால் ஒரு வாரம் செய்தி ஓடையிலும் அதன் வாடை இருக்கும். மை ஆக்டிவிட்டியில் தேதியைத் தேர்ந்து அந்த ஒரு மாலையின் வரலாற்றை மட்டும் அழிக்கலாம். எல்லாவற்றையும் அழிக்கத் தேவையில்லை.

உள்நுழையாமல் பயன்படுத்தும் செயலி என்றால் செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்டோரேஜ் போய் 'கிளியர் ஸ்டோரேஜ்' கொடுத்தால் பெரும்பாலும் புதுசாகத் தொடங்கும். ஆண்ட்ராய்டு 12-லிருந்து விளம்பர அடையாளத்தையும் (விளம்பரத்துக்காக உங்கள் போனை அடையாளம் காட்டும் எண்ணையும்) நீக்கலாம். கூகுள் அமைப்புகளில் 'ஆட்ஸ்' பகுதியில் இருக்கிறது. கைபேசி எண் கொடுத்து உள்நுழைந்த செயலி என்றால் பலன் குறைவு. பழக்கமெல்லாம் அவர்களது சர்வரில் இருக்கிறது, மறுபடி உள்நுழைந்ததும் திரும்பிவிடும்.

பெரியவர்களுக்கு அமைத்துக் கொடுக்கும்போது எழுத்தளவைச் செயலியில் மட்டும் கூட்டாதீர்கள். செய்தியைத் தொட்டதும் தளம் குரோமில் திறந்து மறுபடி சின்ன எழுத்தாகிவிடும். குரோமின் அக்சஸிபிலிட்டி பகுதியிலும் கூட்டவேண்டும். படித்துக் காட்ட 'செலக்ட் டு ஸ்பீக்' இருக்கிறது. போட்டும் தமிழைப் படிக்கவில்லை என்றால் தமிழ்க் குரல் இறங்கவில்லை என்று பொருள். டெக்ஸ்ட் டு ஸ்பீச் அமைப்பில் தமிழைத் தேர்ந்து குரல் கோப்பை இறக்குங்கள், வைஃபையில்.

---

கம்பிவேலி:

டேட்டா பத்தி சுருக்கமா. செய்தியோட எழுத்து தின்கிற டேட்டா ரொம்பக் கொஞ்சம். தின்னுறது தானா ஓடுற வீடியோ. செயலி அமைப்புல 'ஆட்டோபிளே'யை 'வைஃபை மட்டும்' இல்லன்னா 'ஒருபோதும் வேண்டாம்'னு வைங்க. செட்டிங்ஸ்ல செயலியோட 'பேக்ரவுண்ட் டேட்டா'வை அணைச்சா இன்னும் குறையும். ஆனா ஆர்எஸ்எஸ் வாசிப்பானுக்கு அதை அணைக்காதீங்க. ராத்திரி புதுப்பிக்க முடியாம, காலையில திறக்கும்போது நேத்து மத்தியானச் செய்தியே நிக்கும். ஃபீடர்ல புதுப்பிக்கிற இடைவெளியை சில மணி நேரத்துக்கு ஒருமுறைன்னு வச்சு, பேட்டரி கட்டுப்பாட்டுல இருந்து அதை மட்டும் விலக்கிருங்க.

---

யாழ்முற்றம்:

சொல்லேருழவன் அண்ணை, வேர்ட்பிரஸ் வழி நாலு தளத்துக்கு வேலை செய்யுது. ஒரு தளத்தில ஓடை வருது, ஆனா தலைப்பும் ரெண்டு வரியும்தான், முழுச் செய்தி இல்லை. அதுக்கு வழி இருக்கோ?

---

சொல்லேருழவன்:

அது தளக்காரர் வைத்த அமைப்பு. பக்கத்துக்கு ஆள் வரவேண்டும் என்று சுருக்கம் மட்டும் விடுகிறார்கள். ஃபீடரில் அந்த ஓடையை மட்டும் திருத்தி, முழுக் கட்டுரையை எடுக்கும் அமைப்பைப் போடுங்கள். பக்கத்தைத் திறந்து உள்ளடக்கத்தைப் பிரித்துக் காட்டும். தமிழ்த் தளங்கள் சிலவற்றில் பிரிப்பது சரியாக வராது, நடுவே 'இதையும் படிங்க' பெட்டிகள் கலந்து வரும். அப்படி வந்தால் அந்தத் தளத்துக்கு மட்டும் 'உலாவியில் திற' என்று வைத்துவிடுங்கள். சந்தா கட்டி உள்நுழைந்து படிக்கிற தளத்துக்கும் உலாவிதான் சரி. செயலிக்குள்ளேயே திறக்கும் சன்னல்கள் பலவற்றில் உங்கள் உள்நுழைவு நிற்காது.